பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவலில் உடலும் நீதியும்: எதைக் காட்டுவது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது?

வேலந்தாவளம் கேட்டது:

வணக்கமுங்க. 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு நாவல், இரண்டாம் வரைவு. 22 அத்தியாயம். களம் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை வட்டாரம். கதைப்பெண்ணுக்கு 16 வயது; தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ப்ளஸ் ஒன் சேர்ந்தவள். பையனுக்கு 17, செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் படிக்கப் போகிறவன். பஸ் பழக்கம் காதலாகிறது.

மூன்று இடத்தில் கதை முட்டி நிற்கிறது. 11ஆம் அத்தியாயத்தில் இருவரும் தோப்பு மோட்டார் ரூமில் தனியாக இருக்க நேர்கிறது. இதை அப்படியே வெட்டிவிடு என்கிறார் வரைவைப் படித்த ஒருவர். வெட்டினால் பின்கதைக்கு வேரே இல்லை என்கிறார் இன்னொருவர். 14ஆம் அத்தியாயத்தில் அவள் அவனுக்கு அனுப்பிய ஒரு படம் அவன் நண்பன் வழியாக வெளியே போய், மிரட்டல் வருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை ஊகத்தில்தான் எழுதியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் அவளுடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) மூன்று பக்கம் புத்தி சொல்கிறார். "முள்ளு மேல சேல பட்டாலும், சேல மேல முள்ளு பட்டாலும் கிழியறது சேலதான் கண்ணு" என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. பள்ளி லைப்ரரிக்கு வாங்குபவர்கள் நீதி வேண்டும் என்று கேட்பார்கள்; பிள்ளைகள் அந்த மூன்று பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிடுவார்கள். எப்படித் திருத்தலாம்?

---

மூலத்தறை:

11ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பாத்திரங்கள் இருவரும் 18க்குக் கீழே. அவர்களுடைய உடல் நெருக்கத்தை எழுத்தில் காட்டக் கூடாது, குறைத்தும் காட்டக் கூடாது. அதைப் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் பேசுவது வேறு, காட்டுவது வேறு. இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வெட்டுவதா வைப்பதா என்ற கேள்வி போய், அந்த அத்தியாயத்துக்குக் கதையில் என்ன வேலை என்ற கேள்வி வரும்.

அதன் வேலை ஒரு முடிவு. போவதா, இருப்பதா, வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்பானா. அதை எழுத உடல் வேண்டாம். உள்ளே போகும் முன் அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? யார் வரக்கூடும் என்று பயப்படுகிறாள்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? "நான் போறேன்" என்று அவள் சொன்ன பிறகு அவன் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவன் யாரென்று வாசகர் அறிவார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவன் கேட்டால் அது அன்பு அல்ல, நெருக்குதல். 15 வயது வாசகருக்கு இந்த வேறுபாடு பிடிபட வேண்டும். அதை விளக்கிச் சொல்லாதீர்கள். அவள் பதில் தேடித் திணறுவதைக் காட்டினால் போதும். பிறகு மறுநாள் காலை பஸ்ஸுக்குத் தாவிவிடுங்கள்: எந்த சீட்டில் உட்கார்கிறாள், அவனைப் பார்க்கிறாளா, தோழியிடம் எதைச் சொல்லி எதை விழுங்குகிறாள். அத்தியாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மறுநாளுக்குப் போகட்டும்.

இரண்டு சறுக்கல்கள் வழக்கமாக வரும். ஒன்று, சினிமாவிடம் கடன் வாங்குவது: மழை கொட்டும், இரண்டு பூ உரசும், விளக்கு அணையும். காட்டவில்லை என்று பெயர்தான். கண்ணடித்துக் காட்டியதாகவே ஆகிறது. அகப்பாட்டு மரபில் உள்ளுறை, இறைச்சி என்ற குறிப்புப்பொருள் உத்திகள் செய்த காரியம் வேறு. அங்கே வருகிற மீனும் நாரையும் அந்த நிலத்தில் உண்மையாகவே இருப்பவை. அவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே மனிதர் மனம் தெரிந்துவிடும். உங்கள் மோட்டார் ரூமிலும் அப்படிப் பொருள்கள் உண்டு. கரண்ட் போய் மோட்டார் நிற்கிறது. அதுவரை அந்தச் சத்தத்தில் பேசாமல் தப்பித்தவர்கள் இப்போது பேசியாக வேண்டும். இது போதும்.

இரண்டாவது சறுக்கல் 11ஆம் அத்தியாயத்தில் இருக்காது. முதல் அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும். கதைசொல்லி அந்தப் பெண்ணை முதன்முதலில் அறிமுகம் செய்யும் பத்தியைத் திரும்பப் படியுங்கள். இடுப்பு, கழுத்து, ஈரத் தாவணி என்று ஏதாவது வந்தால், யாருடைய கண் அது என்று கேளுங்கள். பெரும்பாலும் வளர்ந்த ஆளின் கண்ணாகத்தான் இருக்கும். அவள் எதைப் பார்க்கிறாள், எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், செருப்பு ஏன் கையில் இருக்கிறது என்று மாற்றுங்கள். நாவல் முழுக்க அவள் உடலைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பென்சிலால் கோடு போட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மோட்டார் ரூமை வெட்டிவிட்டு இதை விட்டுவைத்த நாவல்கள் நிறைய. கெடுதல் இதில்தான் அதிகம்.

---

சித்தூர்ப்புழை:

14ஆம் அத்தியாயத்தை ஊகத்தில் எழுதாதீர்கள். படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி அதே நிலையில் இருக்கலாம். உங்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் அவள் செய்து பார்ப்பாள். தகவல் பிழை இங்கே வெறும் பிழை அல்ல.

சட்டம் முதலில். 2012ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. பையன், பெண் என்ற வேறுபாடு கிடையாது. 16, 17 வயதில் சம்மதம் இருந்தது என்பது சட்டத்தின் முன் நிற்காது. பையன் மீது புகார் வந்தால் அவனும் 18க்குக் கீழே என்பதால் சிறார் நீதி வாரியத்தின் முன்தான் நிறுத்துவார்கள். லாக்கப்பில் அடித்து மறுநாள் கோர்ட்டில் நிறுத்தும் சினிமாக் காட்சி இங்கே வரக் கூடாது.

படத்துக்கு வருவோம். 18க்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படத்தை உண்டாக்குவது, அனுப்புவது, வைத்திருப்பது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் போக்சோவிலும் வரும். 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய படத்தை அழிக்காமல், புகாரும் தராமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று தெளிவாக்கியது. அதனால் கதையில் எல்லாரும் செய்யும் ஒரு தவறைத் தவிர்க்கலாம்: நல்லெண்ணம் கொண்ட தோழி "ஆதாரம்" என்று அந்தப் படத்தை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அது படத்தை இன்னொரு போனுக்குப் பரப்புவதுதான். சரியான வழி: மிரட்டல் வந்த அரட்டை, எண், தேதி, நேரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது. போனைப் போலீசிடம் அப்படியே கொடுக்க வேண்டும். மிரட்டுபவனுக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் மிரட்டல் நிற்காது. கொடுப்பாள் என்று தெரிந்துவிட்டதால் கூடும்.

படத்தை நீக்க ஒரு வழி உண்டு. பெரியவர்களுக்கே அதிகம் தெரியாது. டேக் இட் டவுன் என்ற இலவச சேவை, 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்காகவே நடக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். போனிலேயே அந்தக் கோப்புக்கு ஒரு கைரேகை எண் உண்டாகும். அந்த எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படத்தைத் தேடி நீக்கும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கதையில் ஒரு பக்கம் இதற்குக் கொடுங்கள். அந்தப் பெண் தன் கையால் ஏதோ ஒன்றைச் செய்ய முடிகிற இடம் இது.

எல்லை விஷயம். அவள் கேரளத்தில், படம் பரவியது பொள்ளாச்சியில், எந்த ஸ்டேஷன்? எந்த ஸ்டேஷனும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் இருக்கிறது. அது எங்கள் எல்லை இல்லை என்று ஒரு போலீஸ்காரர் திருப்பி அனுப்புவதாக எழுதலாம், நடக்கக்கூடியதுதான்; ஆனால் அது தவறு என்று கதையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

வாக்குமூலக் காட்சி எழுதினால்: பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், கூடுமானவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது, பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும், இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அந்த நம்பும் ஒருவர் யார் என்பது உங்கள் நாவலுக்கே பெரிய கேள்வி. அம்மாவா, அப்புச்சியா, டீச்சரா? அவள் யார் பெயரைச் சொல்கிறாள் என்பதில் ஒரு அத்தியாயமே எழுதலாம்.

டீச்சருக்குத் தெரிந்தால் அவர் மறைக்க முடியாது. போக்சோ 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கும் டீச்சர் கதையில் நல்லவராகத் தெரிவார், ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. "நான் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும். யார் யாரிடம் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பவரை எழுதுங்கள்.

உடல்நலத்தில் நாவல்கள் அடிக்கடி வழுக்கும் இடங்கள்: மறுநாளே வாந்தி வராது, கர்ப்பக் குமட்டல் பொதுவாகக் கடைசி மாதவிடாயிலிருந்து ஐந்தாறு வாரம் ஆன பிறகே தொடங்கும். சிறுநீர்ப் பரிசோதனை, நாள் தள்ளிப்போன பிறகுதான் நம்பத்தக்க விடை தரும். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டில் 21 நாள் முதல் 45 நாள் வரை சுழற்சி மாறி மாறி வருவது இயல்பு. நாள் தள்ளியதாலேயே கதைக்குள் அலறல் வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை அல்ல. பாட்டி நாடி பிடித்துக் கண்டுபிடிப்பதை விட்டுவிடுங்கள். டாக்டர் "கன்னித்தன்மை" சோதிக்கும் காட்சி இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் கண்டித்திருக்கிறது; அதற்கு மருத்துவ அடிப்படையும் கிடையாது.

பதிப்பாளருக்கு ஒரு வார்த்தை: இலக்கியத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம், ஆபாசமா என்று பார்க்கும்போது ஒரு துண்டை மட்டும் பிய்த்துப் பார்க்காமல் முழுச் சூழலோடும் இன்றைய சமூக அளவுகோலோடும் பார்க்க வேண்டும் என்றது. அட்டைப் படத்தில் கவனமாக இருங்கள். குழந்தை ஆபாசத்துக்குப் போக்சோ தரும் வரையறை காட்சிப் படங்களைப் பற்றியது; கம்ப்யூட்டரில் உருவாக்கி நிஜக் குழந்தைபோலத் தோன்றும் படமும் அதில் அடங்கும். காதல் கதை என்று ஏ.ஐ. கொண்டு ஏதாவது போட்டுவிடாதீர்கள். ஒரு பஸ் ஜன்னல் போதும்.

---

தத்தமங்கலம்:

அப்புச்சிக்கு வருகிறேன். முள்–சேலைப் பழமொழி எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வதுதான். அதனால்தான் அதை நாவல் விட்டுவிடக் கூடாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பழமொழியில் முள்ளைப் பற்றி ஒரு குறையும் இல்லை, கவனித்தீர்களா? கிழிந்ததைப் பற்றித்தான் பேச்செல்லாம். 14ஆம் அத்தியாயத்தில் படத்தைப் பரப்பியவன் ஒருவன் இருக்க, 22ஆம் அத்தியாயத்தில் புத்தி வாங்குபவள் அவள். அப்படி முடிந்தால் நாவலின் நீதி "மாட்டிக்கொள்ளாதே" என்பதாக ஆகிவிடும். நீங்கள் அதை எழுத உட்காரவில்லை என்று நினைக்கிறேன்.

நம் கதைகளில் காதலித்த பெண் செத்துப்போவாள், இல்லையென்றால் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பயமுறுத்தினால் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதுவது. படிக்கிற பிள்ளை எடுத்துக்கொள்வது வேறு: தெரிந்தால் இதுதான் நடக்கும், ஆகவே யாரிடமும் சொல்லாதே. மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அவளுடைய அந்த மௌனம்தான். விளைவே இல்லாமல் எழுதச் சொல்லவில்லை. தோழி பேசாமல் போவது, ஒரு மாதம் பஸ்ஸில் ஏறவே உடம்பு கூசுவது, அப்பா சாப்பிடாமல் எழுந்து போவது எல்லாம் உண்மையான விளைவுகள். தண்டனை வேறு, விளைவு வேறு. எழுத்தாளர் மேலிருந்து போடுவது தண்டனை. பாத்திரங்கள் இப்படிப்பட்டவர்கள் என்பதால் தானாக வருவது விளைவு. ஒரு கஷ்டம் வரும்போது, யாருடைய குணத்திலிருந்து இது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது உங்கள் கையிலிருந்து வந்தது.

வேலையாகச் செய்ய: பெரியவர்கள் வாயில் "வேணும்", "கூடாது" என்று முடியும் வாக்கியங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பேச்சு அதே பக்கத்தில் இருக்கிறதா, சொன்னவர் அதற்கு ஏதாவது விலை கொடுக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லாதவற்றை அடித்துவிடலாம். அப்புச்சியின் மூன்று பக்கத்தில் நான்கு வரி தேறினால் அதிகம்.

அந்தப் பழமொழியை 22லிருந்து எடுத்து 3ஆம் அத்தியாயத்தில் வையுங்கள். வேறு யாரோ வீட்டுப் பெண்ணைப் பற்றி அப்புச்சி லேசாகச் சொல்வதாக. பிறகு 20ஆம் அத்தியாயத்தில் இப்படி ஏதாவது:

*பால் சொசைட்டியில் வரிசை நின்றது. முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்: "என்ன இருந்தாலும் கிழியறது சேலதானுங்களே."*

*அப்புச்சி கேனைக் கீழே வைத்தார். "முள்ள வெட்டறதுக்கு இந்த வரிசையில ஒருத்தரும் போகலியேப்பா. நானும் போகல."*

*அளப்பவன் பெயரைக் கூப்பிட்டான். அப்புச்சி பாலை ஊற்றினார். நாலு லிட்டர் இருந்தது. அன்று பாஸ்புக்கில் எழுத மறந்து, பாதி வழி வந்து திரும்பிப் போனார்.*

"நானும் போகல" என்பதுதான் அந்த மனிதர் கொடுக்கும் விலை. இதற்கு மேல் கடைசி அத்தியாயத்தில் அவர் பேத்தியிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "சாப்பிட்டயா அம்மணி" போதும். லைப்ரரிக்கு வாங்குபவர் நீதி எங்கே என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று. பையனையும் விட்டுவிடாதீர்கள். நண்பனிடம் போனைக் கொடுத்தவன் அவன். அவனை வில்லனாக்கினால் வாசிக்கிற பையன்கள் "நான் அப்படி இல்லை" என்று தப்பித்துக்கொள்வார்கள். பெருமைக்காக ஒரு நிமிஷம் காட்டினான், நண்பன் அனுப்பிக்கொண்டான், தெரிந்தும் இரண்டு நாள் அவளிடம் சொல்லாமல் இருந்தான். அந்த இரண்டு நாளை அவன் பக்கத்திலிருந்து எழுதுங்கள்.

---

வேலந்தாவளம்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. "நானும் போகல" என்ற இரண்டு சொல்லில் 22ஆம் அத்தியாயமே கரைந்துவிட்டது. மோட்டார் ரூமில் அவள் "நான் போறேன்" என்றதும் அவன் கதவைத் திறந்துவிடுவதாக மாற்றுகிறேன். அப்படி ஒருவன்தான் பிறகு நண்பனிடம் போனைக் காட்டினான் என்பது இன்னும் வலிக்கும். இரண்டு சின்னக் கேள்வி பாக்கி. உடல் சார்ந்த சொற்களைப் பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் பிள்ளைகள் பேச்சோடு ஒட்டவில்லை. வீட்டுச் சொல்லில் எழுதினால் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. அடுத்து, உதவி எண்களைப் புத்தகத்தில் எங்கே போடுவது?

---

மூலத்தறை:

ஒட்டிக்கொண்டு வருவதுதான் விஷயம். "தீட்டு", "வீட்டுக்குத் தூரம்" என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லட்டும், அது அவருடைய உலகம். பெண்ணும் தோழியும் "பீரியட்ஸ்" என்பார்கள். கதைசொல்லி "மாதவிடாய்" என்று சொல்லிவிட்டு நகரட்டும். மூன்று வாயில் மூன்று சொல் வந்தால் அந்த வீட்டின் தலைமுறைகளே தெரிந்துவிடும், விளக்கம் வேண்டாம்.

கதைசொல்லியின் வாயில் எப்போதும் வரக் கூடாதவை: "கற்பழிப்பு", "சீரழிந்தாள்", "கெட்டுப்போனாள்", "மானம் போனது". இந்தச் சொற்களுக்குள்ளேயே தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. ஊர்வாயில் வரலாம். கதைசொல்லிக்குப் "பாலியல் வன்முறை", "மிரட்டல்", "அவளைக் கேட்காமல் பரப்பினான்" போன்றவை போதும். செயலைச் செய்தவன் எழுவாயாக நிற்கும்படி வாக்கியத்தை அமையுங்கள். "படம் பரவியது" என்று எழுதினால் தானே பரவியதுபோல் இருக்கிறது.

பேச்சுமொழியில் ஒரு சின்னத் திருத்தம். கேரளப் பள்ளியில் படிக்கும் உங்கள் பெண்ணுக்கு ஆசிரியை "டீச்சர்". பொள்ளாச்சிப் பையனுக்கு "மிஸ்". வரைவு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். "சேச்சி"யும் "அக்கா"வும் ஒரே வாயில் ஆள் பார்த்து மாறி வருவதைத் திருத்திவிடாதீர்கள். இன்ஸ்டா, ஸ்டோரி போன்ற சொற்களைக் குறைத்தே வையுங்கள். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அவை பழசாகிவிடும்.

---

சித்தூர்ப்புழை:

எண்களைப் பின்னட்டையிலும் முதல் பக்கத்திலும் போடாதீர்கள். அங்கே போட்டால் இது பிரச்சினைப் புத்தகம் என்று வீட்டில் முதலில் கண்ணில் படும். பிள்ளை எடுத்து வரவே தயங்குவாள். கதை முடிந்து அடுத்த வலப்பக்கத்தில், தலைப்பில்லாமல், நாவலின் அதே எழுத்தளவில் ஐந்தாறு வரி.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரு மாநிலத்திலும் அதேதான், 24 மணி நேரமும் இலவசம். 181 பெண்களுக்கானது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. கேரளத்தில் மனநலம், உடல்நலம் பற்றிப் பேச 1056. இணையக் குற்றங்களுக்கு மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பானவற்றைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தத் தளத்தின் முகவரியையும் டேக் இட் டவுன் முகவரியையும் சேருங்கள். அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒவ்வொரு எண்ணையும் கேரள சிம்மிலிருந்து ஒரு முறையும் தமிழ்நாட்டு சிம்மிலிருந்து ஒரு முறையும் கூப்பிட்டுப் பாருங்கள். எல்லையோர டவரில் இந்தப் பக்கம் நின்று அழைத்தால் அந்தப் பக்கத்து மையத்துக்குப் போகக்கூடும். எடுப்பவர் தமிழில் பேசுவாரா மலையாளத்திலா என்பதையும் கேட்டு, அதையும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.